மூன்று லிட்டர் தண்ணீர்

அந்தச் சிரிப்பை முதலில் ஆரம்பித்தது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

எங்கள் காலண்டர் கம்பெனியின் பேப்பர் குடோனில், ரீல்களை ஓரமாக உருட்டிவிட்டு, நடுவில் ஜமுக்காளம் விரித்து எங்களை உட்கார வைத்திருந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் மட்டும். எதிரே மதுரையிலிருந்து வந்த ஒரு மேடம், காதோரம் மைக் மாட்டிக்கொண்டு, வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு நின்றிருந்தார். பின்னால் ஒரு பேனர்: ‘நாற்பதுக்குப் பிறகும் நலமே, மகிழ்ச்சியே!’ முந்தின நாள்தான் எங்கள் கம்பெனியிலேயே அடித்தது. மை வாடை இன்னும் போகவில்லை.

“கண்ணை மூடிக்கோங்க. மூச்சை மெதுவா உள்ளே இழுங்க. உங்க உடம்புக்கு ஒரு நன்றி சொல்லுங்க.”

சொன்னோம். குடோன் தகரக் கூரை வெயிலில் படபடவென்று பொரிந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பேச்சி, உடம்புக்கு நன்றி சொல்லும்போதே தூங்கிவிட்டாள்.

“இப்ப ஒரு ரகசியம் சொல்றேன். ரொம்ப எளிமையானது. நாளைக்கே நீங்க ஆரம்பிக்கலாம்” என்றார் மேடம். ஒரு நொடி நிறுத்தி, எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். “தினமும் மூணு லிட்டர் தண்ணி குடிங்க.”

எங்கோ பின்வரிசையில் ஒருத்தி ‘க்ளுக்’ என்றாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி முந்தானையை வாயில் திணித்தாள். அவ்வளவுதான். குடோன் முழுக்கப் பற்றிக்கொண்டது. பேச்சி விழித்து, என்ன ஏதென்று தெரியாமலே சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். மேடம் தன் பேச்சு எங்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து, தானும் சேர்ந்து சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன். இந்த அத்தியாயத்தை அனுப்பியபோது நான் தொடர் எழுதுகிற பத்திரிகையிலிருந்து ஒரு தம்பி பேசினார். “அக்கா, இந்த விஷயத்தைக் கொஞ்சம் நாசூக்கா எழுத முடியுமா?” என்று கேட்டார். இருபத்தெட்டு வருடம் நாசூக்காக இருந்து பார்த்துவிட்டேன் தம்பி. போதும்.

ஆணியில் தொங்கிய சாவி

பத்தொன்பது வயதில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். ஆமத்தூரிலிருந்து காலை வேனில் ஏறினால், சிவகாசி எல்லையில் வெடி ஆபீஸ்களுக்கு, அதாவது பட்டாசு ஆலைகளுக்கு, போகிறவர்கள் இறங்க இறங்க, கடைசியில் மிஞ்சுகிறவர்கள் நாங்கள். தினசரி காலண்டர் செய்கிற இடம். தேதித் தாள்களை வரிசையாக அடுக்கிப் பின் அடித்து, சாமி படம் போட்ட அட்டையில் ஒட்ட வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் போட்டுவிட்டார்கள் என்றால் சீசன் தொடங்கிவிடும். அதன் பிறகு தை பிறக்கும்வரை எங்களுக்கு நாளும் கிடையாது, கிழமையும் கிடையாது. ஊருக்கெல்லாம் நாளும் கிழமையும் அடுக்கிக் கொடுப்பவர்கள் நாங்கள்தான்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் புரிந்துபோனது. பெண்களுக்கு ஒரே ஒரு பாத்ரூம். அது கட்டிங் மெஷின்களைத் தாண்டிப் பின்பக்கச் சுவரோரம் இருந்தது. கட்டிங்கில் வேலை செய்பவர்கள் எல்லாம் ஆண்கள். அவர்களைக் கடந்துதான் போக வேண்டும். பாத்ரூம் பூட்டியிருக்கும். சாவி, மேனேஜர் அண்ணாச்சியின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். போய் நிற்க வேண்டும். நிற்பது தெரிந்தும் அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். பிறகு மெதுவாகத் தூக்குவார்.

“இப்பத்தான போன?”

இந்த ஒரு கேள்விக்குப் பயந்து எத்தனை பெண்கள் எத்தனை வருடம் அடக்கிக்கொண்டு இருந்தோம்! சாவி கிடைத்தாலும் கதை முடியாது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். அதற்கும் திட்டு. “ஒருத்தி போறதுக்கு ரெண்டு பேர் லைனை விட்டுட்டுப் போறீகளாக்கும்?” சீசன் நேரத்தில் பழைய அச்சுப் பிளேட்டுகளையும் கழிவுப் பேப்பர் கட்டுகளையும் அதற்குள்ளேயே அடுக்கிவிடுவார்கள். கால் வைக்க இடம் இருக்காது. வாசலில் ஒரு குழாய் இருந்தது. அதில் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை.

மாதத்தில் அந்த மூன்று நாட்களை எப்படிக் கழித்தோம் என்பதை எழுத வேண்டுமா? கறுப்புப் பாவாடை கட்டிக்கொண்டு போவோம். காலையில் வைத்த துணியோடு சாயங்காலம் வேன் ஏறுவோம். தொடை இரண்டும் உரசிப் புண்ணாகியிருக்கும். வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, மறுநாளும் போவோம்.

அதனால் எல்லோரும் ஒரே வழியைக் கண்டுபிடித்தோம். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். காலையில் பழைய சோற்றோடு ஒரு மடக்கு. மத்தியானம் தொண்டையில் சோறு இறங்க ஒரு மடக்கு. வீட்டுக்குப் போய்த்தான் செம்பைத் தூக்குவது.

எழுந்திருக்காத பெண்

இதில் எனக்குப் பெருமை வேறு இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

ஒரு வருடம் ஆயுத பூஜையன்று, பொரிகடலை கொடுத்து முடித்ததும் பெரிய முதலாளி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். “இந்த முத்துலட்சுமிய எல்லாரும் பாத்துக்கோங்க. காலைல உக்காந்தா சாயங்காலந்தான் எந்திரிக்கும். இப்படில்லா வேலை பாக்கணும்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பரிசாக ஓர் எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். தண்ணீர்க் குடம். அதைத் தலையில் வைக்காத குறையாக ஆமத்தூர் வரை கொண்டுபோனேன். வேனில் என் கூட்டாளி ராஜாத்தி அதைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

செக்கிங் மேசையில் என் வேலை, தாள் வரிசை தவறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு தேதித் தாளின் பின்பக்கமும் ஏதாவது அச்சடித்திருக்கும். ராசிபலன், சமையல் குறிப்பு, மருத்துவக் குறிப்பு. ‘போதிய தண்ணீர் அருந்தினால் சிறுநீரகக் கல் வராது’ என்ற தாளை ஒரு சீசனில் எத்தனை ஆயிரம் முறை புரட்டியிருப்பேன்! வறண்ட உதட்டை எச்சிலால் தடவிக்கொண்டே புரட்டியிருக்கிறேன். அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, அது என்னைப் பற்றியது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

கல் எனக்கு வந்தது. வேனில் வைத்துத்தான் வந்தது. ஆமத்தூர் வருவதற்கு முன்னால் இடுப்பில் யாரோ கத்தியை விட்டுத் திருகியதுபோல இருந்தது. பிரசவ வலி கண்டவள் நான். அதைவிட இது மோசம். வேனின் தரையில் படுத்துப் புரண்டேன். ராஜாத்தி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “ஏ முத்து, ஏ முத்து” என்று அழுதாள்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார். “இம்புட்டு வயசாச்சு, தண்ணி குடிக்கணும்னு தெரியாதா? படிக்கத் தெரியும்ல?”

படிக்கத் தெரியும் ஐயா. அந்தக் குறிப்பை அச்சடித்ததே நாங்கள்தான். அப்படித் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையைக் குனிந்து “சரிங்க சார்” என்றேன். ஊரில் யாரைப் பார்த்தாலும் பொம்பளைகளுக்கு உடம்பைப் பேணத் தெரியவில்லை என்கிறார்கள். பேண விட்டவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ராஜாத்தி

நானும் ராஜாத்தியும் ஒரே தெரு. கம்பெனியில் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். எனக்கு எதிர் இருக்கை அவளுடையது. நான் உள்ளே போனால் அவள் கதவைப் பிடிப்பாள், அவள் போனால் நான். இப்படி ஒருத்தியின் கதவை இன்னொருத்தி பிடித்தே எங்கள் வயது போனது.

அவளுக்குக் கோடை வந்தால் நீர்க்கடுப்பு வந்துவிடும். காய்ச்சலோடு உட்கார்ந்து தாள் அடுக்குவாள். பத்து மணிக்குத் தலைவலி தொடங்கும். பெட்டிக்கடையில் வாங்கிய மாத்திரை ஒன்றைத் தண்ணீர் இல்லாமலே வாயில் போட்டுக் கடித்து விழுங்குவாள். அந்தக் கசப்புக்கு முகத்தைச் சுளித்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

பிறகு அவள் கால் வீங்கியது. முகம் வீங்கியது. வேன் படியில் ஏறவே மூச்சு வாங்கியது. விருதுநகரில் பரிசோதித்துவிட்டு, கிட்னி இரண்டும் சுருங்கிவிட்டதாகச் சொன்னார்கள். வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். எதனால் வந்தது என்று கேட்டதற்கு, சர்க்கரையாக இருக்கலாம், மாத்திரையாக இருக்கலாம், அடிக்கடி வந்த நீர்க்கடுப்பாக இருக்கலாம் என்றார்கள். உறுதியாக யாரும் எதையும் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை. ஆனால் அவளுக்கு எதிரே இருபத்தேழு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மதுரை மேடம் தண்ணீர் ரகசியம் சொன்ன அந்த மத்தியானம், ராஜாத்தி விருதுநகரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். கையில் இரண்டு ஊசி.

அதனால்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுந்து நின்றேன்

முகாமை ஏற்பாடு செய்தது சின்ன முதலாளியின் மனைவி, உமா அம்மா. என் வயதுதான் இருக்கும். கெட்டவர் இல்லை. மேடம் பேசுவதற்கு முன்னால் அவரே மைக்கைப் பிடித்துச் சொன்னார்: “நாப்பதுக்கு மேல எனக்கு உடம்பு ரொம்ப மோசமாயிடுச்சு. முட்டி வலி, தூக்கம் இல்லை, எதுக்கெடுத்தாலும் அழுகை. நடக்க ஆரம்பிச்சேன், தண்ணி குடிக்க ஆரம்பிச்சேன். இப்ப புதுசாப் பிறந்த மாதிரி இருக்கு. எனக்குக் கிடைச்ச சந்தோஷம் உங்களுக்கும் கிடைக்கணும்.” சொல்லும்போது அவர் கண் கலங்கியது. பொய் இல்லை. மனதார நல்லது நினைத்துத்தான் எங்களைக் கூட்டியிருந்தார். அது தெரிந்ததால் என் கோபம் இன்னும் கூடியது. பொய்யாக இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

சிரிப்பு ஓய்ந்ததும் எழுந்து நின்றேன். கால் மரத்துப்போயிருந்தது.

“மேடம், ஒரு சந்தேகம்.”

“கேளுங்கம்மா, தாராளமா கேளுங்க.”

“மூணு லிட்டரையும் குடிச்சிட்டு ஒண்ணுக்கு எங்க போறது?”

மேடத்துக்குக் கேள்வி புரியவில்லை. “பாத்ரூமுக்குத்தாம்மா” என்றார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் நின்றிருந்த மேனேஜர் அண்ணாச்சி ஓர் அடி முன்னால் வந்தார். “முத்துலட்சுமி, உக்காரு.”

“உக்காந்தே இருந்ததுனாலதான் எனக்குக் கல்லு வந்துச்சு அண்ணாச்சி. ராஜாத்திக்குக் கிட்னியே போச்சு. பாத்ரூம் சாவி உங்க முதுகுக்குப் பின்னாடி தொங்குது. அதக் கேட்டு வந்தா மூஞ்சியக் காட்டுதீக. இவுக மூணு லிட்டர் குடிங்கிறாக. எதக் கேக்க நாங்க?”

உமா அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. “அதெல்லாம் பிறகு பேசிக்கலாம்மா. இப்ப மேடத்தோட நேரம்.”

மேடம் சமாளித்துக்கொண்டார். அடுத்து சிரிப்புப் பயிற்சி என்றார். இரண்டு கையையும் தூக்கி ‘ஹா ஹா ஹா’ என்று சிரிக்க வேண்டுமாம். கையைத் தூக்கினோம். ஒரு சத்தமும் வரவில்லை. கூரைதான் பொரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் என்னைச் செக்கிங்கிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள். அட்டைப்பெட்டி தூக்குகிற வேலை. கல் எடுத்த இடுப்போடு எட்டு நாள் தூக்கினேன். வீட்டில் என் கணவர், “ஒனக்கு எதுக்கு இந்த வேலை? அம்புட்டு பேரும் சும்மாதான இருந்தாளுக” என்றார். கேட்டுவிட்டு, அவரே சுடுதண்ணீர் வைத்து என் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தார்.

ஒரு நாள் எங்களோடு

ஒன்பதாம் நாள் உமா அம்மா பேக்கிங் பக்கம் வந்தார். கையில் எப்போதும்போல கண்ணாடி மாதிரியான ஒரு பெரிய பாட்டில். எந்த மணிக்கு எதுவரை குடிக்க வேண்டும் என்று அதில் கோடு போட்டிருக்கும்.

“நீங்க செக்கிங்ல்ல? இங்க ஏன் இருக்கீங்க?”

“வாய் இருந்துச்சு, வந்துட்டேன்மா.”

“அன்னைக்கு நீங்க அத்தனை பேர் முன்னாடி அப்படிக் கேட்டது எனக்குக் கஷ்டமாப் போச்சு” என்றார்.

“எங்களுக்கும் கஷ்டந்தாம்மா. நீங்க ஒரு நாள் எங்க மேசைல வந்து உக்காருங்க. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும். இந்தப் பாட்டிலோட வாங்க. நீங்க குடிக்கிறபடியே குடிங்க. ஆபீஸ் ரூம் பாத்ரூமுக்குப் போகக் கூடாது. அதுக்குப் பிறகு நீங்க என்ன சொன்னாலும் கேக்கேன்.”

வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். அடுத்த திங்கட்கிழமை, ஒரு சுங்குடிச் சேலையில், எட்டரை மணிக்கே வந்து ராஜாத்தியின் காலி இருக்கையில் உட்கார்ந்தார். என்னையும் மேசைக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். தாள் அடுக்கச் சொல்லிக் கொடுத்தோம். மணி ஆக ஆகக் கோட்டைப் பார்த்துக் குடித்தார். பேச்சி ஓரக்கண்ணால் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு உமா அம்மா நெளிய ஆரம்பித்தார். பதினொன்றேகாலுக்கு எழுந்தார். மேனேஜர் அண்ணாச்சி அவரைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “அம்மா, ஆபீஸ் ரூம் திறந்துதான் இருக்கு.”

“அது வேண்டாம். அந்தச் சாவியைக் குடுங்க.”

கட்டிங் மெஷின்களைக் கடந்து போனோம். அங்கே நின்ற ஆண்கள் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாள்கூட எனக்காக ஒருவரும் முகத்தைத் திருப்பியதில்லை. திருப்பத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்ததும் அவர் இரண்டடி பின்னால் வந்தார். பிளேட் கட்டுகள், நனைந்த பேப்பர், அந்த வாடை. திரும்பி என்னைப் பார்த்தார். உள்ளே போனார். கதவை இழுத்துப் பிடித்தேன்.

“முத்துலட்சுமி, பிடிச்சிருக்கீங்கள்ல?”

“பிடிச்சிருக்கேம்மா. பயப்படாம இருங்க.”

“விட்டுடாதீங்க.”

“விட மாட்டேன்.”

வெளியே வந்து குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது. கையைச் சேலையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரை நான்தான் அவர் கையில் ஊற்றினேன்.

“எத்தனை வருஷமா இப்படி?” என்று கேட்டார்.

“நான் வந்து இருபத்தெட்டு வருசம்மா. அதுக்கு முன்னாடி உள்ளது தெரியாது.”

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டிலை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் தாளைப் பார்ப்பதுபோல அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக் கோடு, மூன்று மணிக் கோடு, நான்கு மணிக் கோடு. சாயங்காலம் மணி அடித்தபோதும் தண்ணீர் வாய்வரை அப்படியே நின்றது. உதட்டை எச்சிலால் தடவிக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டதை அவர் அரை நாளில் கற்றுக்கொண்டுவிட்டார்.

கைதட்டச் சொன்னார்கள்

பிறகு வேலை வேகமாக நடந்தது. எங்கள் பைண்டிங் செக்‌ஷனை ஒட்டியே நான்கு பாத்ரூம்கள். ஒவ்வொன்றுக்கும் உள்தாழ்ப்பாள், வாளி, தண்ணீர் வருகிற குழாய், துணி போட ஒரு மூடிபோட்ட தொட்டி. பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது.

நல்லதுதான். ஆனால் அதற்கு ரிப்பன் கட்டினார்கள். தேங்காய் உடைத்தார்கள். ‘மகளிர் நலத் திட்டம்’ என்று பேனர் அடித்தார்கள். பெரிய முதலாளி ரிப்பனை வெட்டி, “இது நம்ம கம்பெனி உங்களுக்குக் குடுக்கிற அன்பளிப்பு” என்றார். எங்களைக் கைதட்டச் சொன்னார்கள். போட்டோ எடுத்தார்கள். என்னை முன்வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். அன்பளிப்பாம். மனுஷி ஒண்ணுக்குப் போகிற இடத்துக்கு அன்பளிப்பு என்று பெயர்.

அடுத்த வாரமே மேனேஜர் அண்ணாச்சி ஒரு நோட்டைக் கொண்டுவந்து பாத்ரூம் வாசலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். யார் போகிறாள், எத்தனை மணிக்குப் போகிறாள், எத்தனை மணிக்கு வருகிறாள், என்ன காரணம். எல்லாம் எழுத வேண்டுமாம்.

நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. டீ நேரத்தில் பேச்சி எழுந்தாள். அவள் பின்னால் நான். எனக்குப் பின்னால் மேசை முழுவதும் எழுந்து வரிசையாக வந்து நின்றது. பேச்சி நோட்டின்மேல் விரலை வைத்துச் சத்தமாகச் சொன்னாள்: “பேச்சியம்மாள். காரணம், ஒண்ணுக்கு. எழுதுங்க அண்ணாச்சி. மூணு சுழி ‘ண்’. தப்பா எழுதிறாதீக, இங்கன எல்லாரும் செக்கிங் பாக்கிறவுக.”

கட்டிங் பக்கமிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணாச்சி மூன்று பெயர் வரை எழுதினார். நாலாவது பெயருக்குப் பேனாவை மூடினார். மறுநாள் மேசையும் இல்லை, நோட்டும் இல்லை.

என் சுபாவம் என்று நினைத்தது

இனி சந்தோஷத்தைச் சொல்கிறேன். அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கோபத்துக்கு அர்த்தம் இல்லை.

முதல் இரண்டு நாள் தண்ணீர் குடிக்கவே பயமாக இருந்தது. டம்ளரைத் தூக்கினால் கை தானாக நின்றது. அரை டம்ளர், ஒரு டம்ளர் என்று பழக்கினேன். ஒரு வாரத்தில் பத்து மணித் தலைவலி வரவில்லை. காத்திருந்து பார்த்தேன், பதினொன்றுக்கும் வரவில்லை. அந்தத் தலைவலியை இத்தனை வருடம் என் சுபாவம் என்று நினைத்திருந்தேன். சிடுசிடுப்பையும் அப்படித்தான். “முத்துலட்சுமி கொஞ்சம் சிடுமூஞ்சி” என்று ஊர் சொல்லும். நானும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டிருந்தேன். தாகம் என்று யாருக்குத் தெரியும்?

உதட்டு வெடிப்பு ஆறியது. மலச்சிக்கல் போனது. தூக்கம் வந்தது. மாதவிலக்கு நிற்கப் போகிற வயதில் கண்டபடி வரும் உதிரப்போக்குக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தவள், இப்போது நினைத்த நேரத்தில் எழுந்துபோய்த் துணி மாற்றிக்கொண்டு, கை கழுவிவிட்டு வருகிறேன். அந்தக் கை கழுவுகிற நிமிடம் இருக்கிறதே, அப்போது நான் ராணி.

தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் ஒரு ருசி, உப்புத் தண்ணீர் வருகிற நாளில் ஒரு ருசி, மண்பானையில் ஊறியதற்கு இன்னொரு ருசி. நாற்பத்தேழு வயதில் தண்ணீரின் ருசியைக் கண்டுபிடித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் ஒரே பேச்சும் சிரிப்புமாகக் கிடக்கிறது. கைதட்டச் சொல்லி யாரும் வர வேண்டியதில்லை.

ஆமத்தூரில் ஒரு சாயங்காலம்

இவ்வளவு நடந்தும் ராஜாத்தி வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. கிட்னி போனதால் அவளுக்கு இப்போது ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு வைத்திருக்கிறார். சின்ன டம்ளரில் அளந்து, மாத்திரைக்கும் அதற்குள்தான். மிச்ச நேரம் வாயைக் கொப்பளித்துத் துப்பிக்கொள்வாள். எங்களுக்குப் பாத்ரூம் வந்தபோது அவளுக்குத் தண்ணீர் இல்லை. இதை யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள். கை முழுக்க ஊசித் தடம். கம்பெனிக் கதை எல்லாவற்றையும் கேட்டாள். உமா அம்மா கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னபோது கண்ணை மூடிக் கேட்டாள். பேச்சி ‘மூணு சுழி’ சொன்னதைக் கேட்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு அவள் மகளைக் கூப்பிட்டாள்.

“ஏ, அத்தைக்குத் தண்ணி கொண்டா.”

“வேண்டாம் ராஜி. இப்பத்தான் வீட்ல குடிச்சிட்டு வந்தேன்.”

“பொய் சொல்லாத. நீ என் முன்னாடி குடிக்கக் கூடாதுன்னு பாக்க. ஏன், என் வீட்டுத் தண்ணி ஒனக்கு ஆகாதோ?”

மகள் செம்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். பானைத் தண்ணீர். செம்பின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தது.

“என்னால முடியல ராஜி.”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டிலில் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “முடியலையா? அம்புட்டு பேர் முன்னாடி எந்திரிச்சு நின்னு யாருக்காகடி கேட்ட? எனக்கும் சேத்துத்தான கேட்ட? நான்தான் குடிக்க முடியாது. நீயும் குடிக்கலன்னா அப்புறம் என்ன மயித்துக்குக் கேட்ட? குடி. நான் பாக்கணும்.”

செம்பை அண்ணாந்து தூக்கிக் குடித்தேன். மூச்சு விடாமல், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். கடைசி மடக்கு இறங்குகிறவரை ராஜாத்தி என் தொண்டையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.